தமிழ் நாடகத் தந்தை பம்மல் சம்பந்த முதலியார்

தாராசுரம் ஐராவதீசுவரர் கோயிலைப் பற்றி அறியாதவர் நம்முள் எவரும் இலர். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராச சோழன் எடுப்பித்த அக்கோயிலில், குதிரைகள் பூட்டிய தேர் போன்ற மண்டபத்தைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். நாங்களோ அங்கு வேறொன்றைத் தேடிப் பார்ப்பது வழக்கம். கோயிற் சுவரின் அடிப்பகுதியில் அறுபத்து மூன்று நாயன்மார்களின் வரலாறுகள் சாண் உயரச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. அரசரும் குயவரும், அந்தணரும் வண்ணாரும், வணிகரும் வேடரும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றனர். ஒருவருக்குப் பெரிய கல், மற்றொருவருக்குச் சிறிய கல் என்று சிற்பி பார்க்கவில்லை.

கல்லில் அமைந்த இச்சமத்துவம் வாழ்க்கையில் அத்துணை எளிதாக அமைந்துவிடவில்லை. எங்கள் ஊர்த் தெருக்களில் ஒரு நாழிகை நடந்தால் எத்தனை விதமான பேச்சுக்கள் காதில் விழுகின்றன! பட்டுத் தறி ஓடும் வீடுகளில் சௌராட்டிர மொழி ஒலிக்கும். நாற்று நடும் வயலில் ஒரு தமிழ், அக்கிரகாரத்தில் ஒரு தமிழ், கும்பகோணத்துக் கடைவீதியில் ஒரு தமிழ், பள்ளிக்கூடத்தில் புத்தகத் தமிழ். ஒருவர் வாயைத் திறந்தவுடனேயே அவர் எந்தத் தெரு, எந்த வீடு, படித்தவரா படிக்காதவரா என்றெல்லாம் நாம் கணக்குப் போட்டுவிடுகிறோம். அந்தக் கணக்கின்படியே திண்ணையில் அமரச் சொல்வதா, வாசலில் நிற்க வைப்பதா என்றும் தீர்மானித்து விடுகிறோம்.

இந்த நோயைச் சிரிக்கச் சிரிக்கக் காட்டிய தமிழ் நாடகம் ஒன்று உண்டு. அதன் பெயர் ‘சபாபதி’. அதை எழுதியவர், படித்தவர்கள் மேடையேறுவது இழிவு என்று கருதப்பட்ட காலத்தில் மேடையேறிய வழக்கறிஞர். தமிழ் நாடகத் தந்தை என்று போற்றப்படும் அப்பெருமகனார் பம்மல் சம்பந்த முதலியாரின் வாழ்க்கையை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

இளமை

சம்பந்த முதலியார் 1873ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். பல்லாவரத்திற்கு அருகிலுள்ள பம்மல் அவருடைய முன்னோரின் ஊர். தந்தையார் விஜயரங்க முதலியார் கல்வித் துறையில் பணியாற்றியவர். தமிழ் நூல்களில் பற்று மிக்கவர். ஆகவே சிறுவன் சம்பந்தம் புத்தகங்களுக்கு நடுவே வளர்ந்தான் எனலாம். பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்று, சட்டமும் கற்று வழக்கறிஞரானார்.

அக்காலத்தில் ஆங்கிலம் கற்ற இளைஞர்களுக்கு நாடகம் என்றால் ஷேக்ஸ்பியர்தான். அந்நூல்களைக் கல்லூரியில் உருவேற்றிப் போற்றுவார்கள். அதே இளைஞர்கள் தமிழ் நாடகத்தைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார்கள். தெருக்கூத்தையும் தொழில் முறை நாடகக் கம்பெனிகளையும் கீழ்த்தரம் என்று ஒதுக்கினார்கள். நடிப்பவர்களைக் கூத்தாடிகள் என்று இகழ்ந்தார்கள். அவர்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுக்கவும் தயங்கினார்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்டால் கலை, தமிழில் ஆடப்பட்டால் கூத்து என்பதே படித்தவர்களின் மனத்தில் இருந்த தராசு. இளைஞர் சம்பந்தமும் அந்தத் தராசைக் கையில் ஏந்தியவர்தாம். தமிழ் நாடகங்களின் மீது அவருக்கு அன்று பெரும் வெறுப்பு இருந்ததை அவரே பிற்காலத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

வெறுப்பு விருப்பான விதம்

1891ஆம் ஆண்டு பல்லாரியிலிருந்து சரச விநோதினி சபை என்னும் நாடகக் குழுவினர் சென்னைக்கு வந்து, விக்டோரியா பொது மண்டபத்தில் தெலுங்கு நாடகங்களை நடத்தினர். அக்குழுவின் தலைவர் தர்மவரம் கிருஷ்ணமாசாரியார். அவரே நாடகங்களை எழுதினார், அவரே நடித்தார். ஆனால் அவருடைய தொழில் நாடகமன்று; அவர் ஒரு வழக்கறிஞர். அவருடன் நடித்தவர்களும் படித்தவர்கள், நற்பணிகளில் இருந்தவர்கள்.

அந்நாடகத்தைக் கண்ட சம்பந்தத்திற்கு அப்பொழுது வயது பதினெட்டு. மேடையில் ஒலித்ததோ தெலுங்கு. அவருடைய தாய்மொழியோ தமிழ். எனினும் அன்று அவர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. தெலுங்கர் தம் மொழியில் இவ்வளவு அழகாக நடத்தும்போது, தமிழில் நாம் ஏன் நடத்தக்கூடாது? தாழ்ந்து கிடப்பது தமிழா, அல்லது அதைத் தாழ்வாக எண்ணிய படித்தவர்களின் மனமா? இக்கேள்விக்கு விடை தேடுவதிலேயே அவருடைய வாழ்நாள் முழுவதும் சென்றது.

சுகுண விலாச சபை

பேசிக் கலைந்துபோகும் இளைஞரல்லர் அவர். அதே 1891ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளன்று, நண்பர்கள் சிலருடன் கூடிச் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். நற்குணம் விளங்கும் இடம் என்பது அப்பெயரின் பொருள். நாடகம் ஆடினால் குணம் கெடும் என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தபோது, சபையின் பெயரையே அதற்கு மறுமொழியாக வைத்தனர் அவ்விளைஞர்கள்.

இச்சபையில் எவருக்கும் சம்பளம் கிடையாது. பகலில் நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் கல்லூரியிலும் பணி, மாலையில் ஒத்திகை. தொழிலாக அன்றி விருப்பத்தினால் நடித்தமையால் இவர்களை அமெச்சூர் நடிகர்கள் என்று அழைத்தனர். தொடக்கத்தில் வீட்டாரின் எதிர்ப்பும் நண்பர்களின் ஏளனமும் இல்லாமலில்லை. இருப்பினும் நாளடைவில் ஊரின் பெரிய மனிதர்கள் பலர் இச்சபையில் சேர்ந்தனர். தேசியத் தலைவர் சத்தியமூர்த்தி இச்சபையின் மேடையில் நடித்தவர் என்பது நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும். சட்ட மேதை சி. பி. இராமசாமி ஐயரும் இச்சபையோடு தொடர்பு கொண்டிருந்தார்.

சபையின் நாடகங்கள் தமிழோடு நிற்கவில்லை. தெலுங்கு, கன்னடம், வடமொழி, ஆங்கிலம் முதலிய மொழிகளிலும் நாடகங்கள் நடைபெற்றன. தம் மொழியை உயர்த்துவதற்குப் பிற மொழியைத் தாழ்த்த வேண்டியதில்லை என்பதை அவர்கள் செயலில் காட்டினார்கள். இச்சபை இலங்கைக்கும் சென்று நாடகம் நடத்தியது. அந்நாட்டுத் தமிழ் நாடகத்தை வளர்த்த கலையரசு சொர்ணலிங்கம், சம்பந்த முதலியாரையே தம் குருவாகக் கொண்டார்.

மேடையில் செய்த மாற்றங்கள்

அக்காலத்து நாடகம் இரவு தொடங்கினால் விடியும் வரையில் நடக்கும். அரசன் இறக்கும் தறுவாயிலும் பாடுவான். அரசி அழும்போதும் பாடுவாள். ரசிகர்கள் கைதட்டினால் இறந்தவன் எழுந்து அப்பாட்டை மீண்டும் பாடிவிட்டுத் திரும்பவும் இறப்பான். வசனம் பெரும்பாலும் அவ்வப்போது வாயில் வந்ததைப் பேசுவதாகவே இருக்கும்.

சம்பந்த முதலியார் இவ்வழக்கங்களை ஒவ்வொன்றாக மாற்றினார். பாட்டைக் குறைத்து உரைநடைக்கு முதலிடம் தந்தார். நாடகத்தை முன்னதாகவே முழுமையாக எழுதி, எழுதியபடியே மனப்பாடம் செய்து பேச வேண்டும் என்று விதித்தார். குறித்த நேரத்தில் திரை தூக்கி, மூன்று நான்கு மணி நேரத்தில் நாடகத்தை முடித்தார். எத்துணைப் பெரியவர் வந்தாலும் அவருக்காகக் காத்திருக்கும் பழக்கத்தை அவர் ஏற்கவில்லை. ஒத்திகைக்குத் தாமதமாக வருபவர்கள் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க அஞ்சுவார்களாம். ஆண்டுவிழா ஒத்திகைக்கு மணியடித்த பிறகு ஓடி வரும் தோழியர் இப்பகுதியை இருமுறை படிப்பார்களாக!

அவர் செய்த மற்றொரு மாற்றம் இன்னும் முக்கியமானது. தம்முடைய நாடகத்தை எக்குழுவினர் நடத்தினாலும் தம்மிடம் அனுமதி பெற்று, உரிய தொகை செலுத்திய பின்னரே நடத்த வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். பொருளாசையினால் செய்தார் என்று சிலர் குறை கூறியதுண்டு. ஆனால் எண்ணிப் பார்த்தால், எழுத்தும் உழைப்பே. அதற்கும் கூலி உண்டு என்ற நீதியை அவர் நாடக உலகிற்குக் கற்பித்தார் என்பது விளங்கும். நெல் விளைந்த களத்தில் உழைத்தவர்க்குப் பங்கு அளப்பதை அறிந்த காவிரிக் கரையினருக்கு இது புரியாத செய்தியன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் 11ஆம் நூற்றாண்டில் இராசராசேசுவர நாடகம் ஆடிய கலைஞனுக்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளக்க வேண்டுமென்று சோழ மன்னன் கல்லில் வெட்டி வைத்தான். கலைஞனுக்கு உரியதைக் கொடுப்பது நம் மண்ணின் பழைய அறம்.

‘மனோகரா’

சபை தோன்றிய இரண்டு ஆண்டுகளில், 1893இல் அவருடைய ‘புஷ்பவல்லி’ மேடையேறியது. 1895இல் ‘லீலாவதி சுலோசனா’, ‘மனோகரா’ ஆகிய நாடகங்கள் வந்தன. அவற்றுள் ‘மனோகரா’ அவருடைய புகழை நிலைநாட்டியது. சூழ்ச்சிக்காரியின் வலையில் சிக்கிய அரசன், பழி சுமந்த அரசி, தாயின் சொல்லுக்காகத் தன் வீரத்தையே அடக்கிக்கொள்ளும் மகன், இம்மூவரின் கதை அது. சங்கிலியால் பிணிக்கப்பட்ட மனோகரன் அதை அறுத்தெறியும் காட்சியில் சம்பந்த முதலியார் நடித்ததைக் கண்டவர்கள் நெடுங்காலம் அதைப் பற்றிப் பேசினார்கள்.

ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் அவர் தமிழாக்கித் தந்தார். ஹாம்லெட் ‘அமலாதித்யன்’ ஆயினான். வெனிஸ் நகர வணிகன் ‘வாணீபுர வணிகன்’ ஆயினான். பிரெஞ்சு நாடக ஆசிரியர் மோலியேரின் நகைச்சுவை ஒன்று ‘காளப்பன் கள்ளத்தனம்’ என்று தமிழ்ச் சட்டை அணிந்து வந்தது. ஆங்கிலத்தில் படித்துப் போற்றியவற்றையெல்லாம் ஆங்கிலம் அறியாத மக்களின் முன்னால் தமிழில் கொண்டு வந்து வைத்தார். பதினெட்டு வயதில் எழுந்த கேள்விக்கு அவர் தந்த விடைகளுள் இதுவும் ஒன்று.

இரண்டு சபாபதிகள்

இனி, நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட ‘சபாபதி’க்கு வருவோம். இந்த நூற்றாண்டுப் பழமையுள்ள நகைச்சுவை நாடகத்தின் அமைப்பு மிக எளியது. ஒரு பணக்கார முதலியாரின் வீட்டில் சபாபதி என்று ஓர் இளைஞன். அதே வீட்டின் வேலைக்காரனுக்கும் பெயர் சபாபதி. எசமானனுக்குப் படிப்பு ஏறவில்லை. வேலைக்காரனுக்கோ சொன்ன சொல்லின் உட்பொருள் விளங்குவதில்லை. சொன்னதைச் சொன்னபடியே செய்து வைப்பான். நம் வீடுகளில், பாலைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனால், அது பொங்கி வழிவதைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கும் தம்பி தங்கையரை நாம் அறிவோம் அல்லவா? அந்த இனத்தைச் சேர்ந்தவன் அவன்.

நாடகத்தைக் காண்பவர்கள் முதலில் வேலைக்காரனைப் பார்த்துச் சிரிக்கின்றனர். படிக்காதவன், பேசத் தெரியாதவன், ஏவலாள் என்று எண்ணிச் சிரிக்கின்றனர். சற்று நேரம் சென்றதும் ஓர் ஐயம் தோன்றுகிறது. எசமானன் மட்டும் அறிவில் எவ்வகையில் உயர்ந்தவன்? இருவருக்கும் ஒரே பெயர். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே அறிவு. ஒருவன் நாற்காலியில் அமர்ந்திருக்கிறான்; மற்றவன் கைகட்டி நிற்கிறான். அந்த நாற்காலியைக் கொடுத்தது அறிவன்று, பிறப்பும் பணமுமே. எசமானன் செய்யும் பிழைகளைச் சுற்றியிருப்பவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். வேலைக்காரன் செய்யும் பிழைக்கு ஏச்சு விழுகிறது. ஆசிரியர் எந்த இடத்திலும் உபதேசம் செய்யவில்லை. இருவருக்கும் ஒரு பெயரை வைத்தார், அவ்வளவே. மற்றதைப் பார்ப்பவரின் மனமே செய்துகொள்கிறது.

இந்நாடகத்தின் மொழியும் எண்ணத்தக்கது. வடமொழியின் பழைய நாடகங்களில் அரசர்களும் கற்ற ஆடவர்களும் சமஸ்கிருதம் பேசுவர். பெண்களும் ஏவலாளரும் பிராகிருதமே பேசுவர். காளிதாசனின் சகுந்தலைக்குக்கூட மேடையில் அந்த உயர்ந்த மொழி கிடைக்கவில்லை. இன்னாருக்கு இன்ன பேச்சு என்ற வேலி அன்றே மேடையில் போடப்பட்டிருந்தது. சம்பந்த முதலியார் வீரமும் சோகமும் நிறைந்த நாடகங்களில் இலக்கண நடையைக் கையாண்டார். ‘சபாபதி’யிலோ வீட்டில் பேசும் தமிழையே எசமானனுக்கும் வேலைக்காரனுக்கும் கொடுத்தார். பேச்சு வழக்கை அச்சில் ஏற்றுவதைப் புலவர்கள் ஒப்பாத காலம் அது. எனினும் மக்கள் அந்நாடகத்தில் தங்கள் வீட்டுக் கூடத்தையே கண்டார்கள். அதனால்தான் அவர்கள் மேலும் கேட்க, விருந்து, பொங்கல் பண்டிகை, நாடக ஒத்திகை என்று சபாபதியின் கதை பல பாகங்களாக வளர்ந்தது.

1941இல் ஏ. வி. மெய்யப்பன் இதனைத் திரைப்படமாக்கினார். எசமானனாக டி. ஆர். இராமச்சந்திரனும் வேலைக்காரனாகக் காளி என். இரத்தினமும் நடித்தனர். எசமானன் சபாபதி, கல்வியுள்ள மனைவியின் உதவியால் படித்துத் தேறுவதாகப் படம் காட்டுகிறது. கணவனுக்கு மனைவி பாடம் சொல்லிக் கொடுப்பதை 1941ஆம் ஆண்டிலேயே தமிழ் மக்கள் மகிழ்ச்சியோடு பார்த்தனர் என்பது பெண்களாகிய நமக்கு இனிக்கும் செய்தி.

ஆனால் நம் மனத்தை உறுத்தும் ஒன்றும் இங்கு உண்டு. எசமானன் சபாபதிக்குக் கற்பிக்க ஆசிரியர் இருந்தார், மனைவியும் வந்தாள். வேலைக்காரன் சபாபதிக்குக் கற்பிக்க எவரும் வரவில்லை. சிரித்து முடித்து வீடு திரும்பும்போது இந்த எண்ணமும் நம்முடன் வருமானால், நாடகத்தை நாம் சரியாகப் பார்த்தோம் என்று பொருள்.

கடல் கடந்த ஒரு பூக்காரி

இதே காலத்தில் இலண்டன் நகரில் பெர்னாட் ஷா ‘பிக்மேலியன்’ என்னும் நாடகத்தை எழுதினார். தெருவில் பூ விற்கும் எலைசா என்னும் ஏழைப் பெண்ணின் கொச்சைப் பேச்சை ஒலியியல் பேராசிரியர் ஒருவர் சில மாதங்களில் மாற்றிக் காட்டுகிறார். அவளை மேட்டுக்குடிச் சீமாட்டி என்றே எல்லாரும் நம்பிவிடுகின்றனர். ஆங்கிலப் பேச்சைப் பற்றிய இந்நாடகம் முதன்முதலில் 1913இல் வியன்னா நகரில் ஜெர்மன் மொழியில் மேடையேறியது. 1914இல்தான் இலண்டனில் நடைபெற்றது.

தெலுங்கு நாடகத்தைப் பார்த்துத் தமிழ் நாடகத்தை எண்ணிய நம் சம்பந்த முதலியாரை இச்செய்தி நினைவூட்டுகிறது. எலைசாவையும் வேலைக்காரச் சபாபதியையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். எலைசாவுக்குப் பேச்சைக் கற்பித்தவர் அவளுடைய நெஞ்சத்தை எண்ணவில்லை. கற்றுக்கொண்ட பின் அவள் எங்கே போவாள் என்றும் கவலைப்படவில்லை. இறுதியில் அவளே நிமிர்ந்து நின்று தன் மதிப்பைக் கேட்டுப் பெறுகிறாள். சபாபதிக்கோ அந்தக் கற்பித்தலே கிட்டவில்லை. பேச்சு மாறினால் மதிப்பு வரும் என்று உலகம் சொல்கிறது. மனிதன் என்ற அளவிலேயே மதிப்பு உண்டு என்று இரு நாடகங்களும் நம்மை எண்ண வைக்கின்றன.

மேடையில் பெண்கள்

சுகுண விலாச சபையில் பெண் வேடங்களையும் ஆண்களே தாங்கினர். சம்பந்த முதலியாரின் உயிர் நண்பரும் வழக்கறிஞருமான ரங்கவடிவேலு, அரசியாகவும் காதலியாகவும் நடிப்பதில் ஈடற்று விளங்கினார். இவர்கள் இருவரும் இணைந்து நடித்த நாடகங்களைக் காணக் கூட்டம் அலைமோதிற்று. நண்பர் மறைந்தபோது சம்பந்த முதலியார் தம் கலை வாழ்வின் ஒரு பாதியை இழந்தவர் போல வருந்தினார். நம் மாவட்டத்து மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடைபெறும் பாகவத மேளாவிலும் ஆண்களே பெண் வேடம் ஏற்பது வழிவழியாக வந்த மரபு.

அப்படியாயின் அக்காலத்தில் பெண்கள் நடிக்கவேயில்லையா? நடித்தார்கள். நம் கும்பகோணத்திலேயே பாலாமணி அம்மையார் என்பவர் பெண்களை மட்டுமே கொண்டு ஒரு நாடகக் கம்பெனியை நடத்திப் பெரும் புகழ் பெற்றார். ஆண் வேடங்களையும் பெண்களே தாங்கினர். அவருடைய நாடகத்தைக் காண மக்கள் தொலைவிலிருந்தெல்லாம் வந்தனர். ஆயினும் வழக்கறிஞர் நடித்தால் கலைத்தொண்டு என்று போற்றிய சமுதாயம், இப்பெண்கள் நடித்தபோது அதே மதிப்பைத் தரவில்லை. திறமை இருந்தவர்களுக்கு மதிப்பு இல்லை. மதிப்பு இருந்தவர்கள் வந்த பிறகே கலைக்கு மதிப்பு வந்தது. இதை நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சம்பந்த முதலியார் நாடகத்திற்குப் பெருமை தேடித் தந்தார். அப்பெருமை எல்லாருக்கும் சமமாகப் பங்கிடப்படுவதற்கு இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

அவர் தேடித் தந்த பெருமை தொழில் முறை நடிகர்களுக்கும் பயன்பட்டது என்பதில் ஐயமில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களைக் கொண்டு நாடகக் குழுக்களை நடத்தித் தமிழ் மேடையை ஒருபுறம் வளர்த்தார். எம். கந்தசாமி முதலியார் போன்ற ஆசிரியர்கள் சம்பந்த முதலியாரின் உரைநடை நாடகங்களை அத்தகைய சிறுவர்களுக்குக் கற்பித்தனர். டி. கே. எஸ். சகோதரர்களும் ‘மனோகரா’ நடித்துப் பேர் பெற்றனர். படித்தவர் எழுதியதைப் படிப்பு வாய்க்காத சிறுவர்கள் கற்றுப் பேசி, சிற்றூர்தோறும் கொண்டு சென்றனர். வடவாறும் அரசலாறும் வாய்க்கால்களாகப் பிரிந்து கடைமடை வயலை அடைவது போல, நல்ல தமிழ் வசனம் இவ்வாறுதான் நம் சோழநாட்டு ஊர்களையும் வந்தடைந்தது.

நிறைவு நாட்கள்

1924 முதல் சில ஆண்டுகள் அவர் சென்னையில் சிறு வழக்கு நீதிமன்றத்தின் நீதிபதியாகப் பணியாற்றினார். கூத்தாடினால் குடும்பப் பெயர் கெடும் என்று சொன்ன உலகம், நாடகமாடியவரையே நீதி வழங்கும் இருக்கையில் கண்டது. ஓய்வு பெற்ற பிறகும் அவர் பேனா ஓயவில்லை. ‘நாடக மேடை நினைவுகள்’ என்னும் தலைப்பில் ஆறு பாகங்களாகத் தம் அனுபவங்களை எழுதினார். தமிழ் நாடக வரலாற்றை அறிய விரும்புவோர்க்கு இன்றும் அதுவே முதல் வாயில். தம் வெற்றிகளை மட்டுமன்றித் தவறுகளையும் அதில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பேசும் படம் வந்தபோது அதை வெறுத்து ஒதுக்காமல், 1936இல் வெளிவந்த ‘மனோகரா’ படத்தில் அரசனாகத் தாமே நடித்தார். அதே கதை 1954இல் சிவாஜி கணேசன் நடிக்க மீண்டும் படமாக வந்து தமிழகத்தையே உலுக்கியது.

தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை அவர் எழுதினார். 1959ஆம் ஆண்டில் சங்கீத நாடக அகாதெமி விருதும் பத்மபூஷண் பட்டமும் அவரைத் தேடி வந்தன. 1964ஆம் ஆண்டு செப்டம்பரில், தொண்ணூற்றொரு வயது நிறைந்த நிலையில் அவர் இயற்கை எய்தினார்.

நாம் கற்க வேண்டுவன

அன்புத் தோழியரே! சம்பந்த முதலியாரின் வாழ்விலிருந்து காலந்தவறாமை, உழைப்பு, தாய்மொழிப் பற்று என்று பல பாடங்களை நாம் கற்கலாம். அவற்றுள் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். தாம் இகழ்ந்த ஒன்றைத் தாமே சென்று பார்த்து, இகழ்ந்தது தவறு என்று உணர்ந்தவுடன் தம் வாழ்வையே அதற்குக் கொடுத்தார் அவர். பார்க்காமல் இகழ்வது எளிது. பார்த்த பின் மாறுவதற்கே துணிவு வேண்டும்.

பெண்கள் பள்ளியின் மேடையில் மீசை ஒட்டிக்கொண்டு மனோகரனாக நிற்பவள் நம் வகுப்புத் தோழிதான். ரங்கவடிவேலு சேலை கட்டிய மேடையை நாம் வேட்டி கட்டி நிரப்புகிறோம். ஆனால் ஆண்டுவிழாவுக்கு வேடம் பிரிக்கும்போது நடப்பதென்ன? அரசி வேடத்திற்குப் பத்துக் கைகள் உயர்கின்றன. கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் வானதூதராக எல்லாருக்கும் ஆசை. இடையர் வேடத்திற்கும் வேலைக்காரி வேடத்திற்கும் யாரும் முன்வருவதில்லை. பிறகு, யாருடைய பேச்சில் தறி வீட்டு மணமோ வயற்காட்டு மணமோ வீசுகிறதோ அவளுக்கே அவ்வேடம் போய்ச் சேருகிறது. இவளுக்குத்தான் இது பொருந்தும் என்று நாமும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறோம். அவளும் உடன் சிரிக்கிறாள். அச்சிரிப்பு அவள் உள்ளத்திலிருந்து வந்ததா என்று நாம் கேட்டதில்லை.

வீட்டில் சௌராட்டிரம் பேசிவிட்டுப் பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் பேசும் பெண், ஒரே மொழி அறிந்தவளைவிட இருமடங்கு உழைக்கிறாள். வயலோரத்திலிருந்து வருபவளின் பேச்சில் நாம் புத்தகத்தில் தேடியும் கிடைக்காத நெல்லின் பெயர்களும் மீனின் பெயர்களும் மழையின் பெயர்களும் உள்ளன. அரசியின் வசனத்தை அவள் பேசிப் பார்க்கட்டும்; வேலைக்காரியின் வசனத்தை நாம் பேசிப் பார்ப்போம். இரண்டும் கடினம் என்பது இருவருக்கும் விளங்கும். ஒரே பெயரை இருவருக்கும் சூட்டிய சம்பந்த முதலியாருக்கு நாம் செலுத்தும் வணக்கம், அடுத்த ஆண்டுவிழாவில் வேடங்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரிப்பதாக அமையட்டும்.